வருகைப் பதிவு

முதல் கூட்டத்துக்கு இருபத்தெட்டுப் பேர்.
ஆ லெக்கின் சலவைக்கடையில்,
உலர்த்தும் இயந்திரங்கள் நின்று
சூடு ஆறுவதற்குள்.
நாற்காலி போதவில்லை,
துணிக்கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.
எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
நான் குறித்தது ஒரு வரி:
பள்ளி முன்சாலைக்கு விளக்கு வேண்டும்.

காரணத்தை யாரும் சொல்லவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு அடியில்
அந்த நீல மிதிவண்டியை
சுங்கை பெலாலாங் முழுக்கப் பார்த்திருந்தது.
பையன் பிழைத்துக்கொண்டான்.
அதனால்தான் எங்களால் பேச முடிந்தது.

இரண்டாம் கூட்டம்: பதினொன்று.
மூன்றாவது: நான்கு,
அதிலும் ஒருவர் துணி எடுக்க வந்தவர்.

"ஆளு வரலன்னா விடுங்கலா," என்றாள் தவமணி,
"வந்தவங்களுக்கு வேல குடுங்க."
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் அவளுக்கு.
கொட்டாவியை அடக்கிக்கொண்டே சண்டை போடுவாள்.

துணி எடுக்க வந்தவர் குணசீலன்.
அவரும் லோரி ஓட்டுபவர்தான்.
"அது என் வண்டி இல்ல," என்றார்,
யாரும் கேட்காமலே.
கொஞ்சம் பொறுத்து,
"என் வண்டியாவும் இருந்திருக்கும்."
சாலையை அளந்து வரச் சொன்னோம்.
மறுவாரம் ஒரு நைலான் கயிற்றோடு வந்தார்,
வழிநெடுக முடிச்சு.
இங்கே குழி. இங்கே வளைவு.
இங்கே, மழை பெய்தால்,
எனக்கே ஒன்றும் தெரியாது.

கடிதத்தை மலாயில் திருத்தியது காக் ரொகாயா.
நாங்கள் கெஞ்சியிருந்த இடத்திலெல்லாம்
கேட்டு வைத்தார்.

மாவட்ட மன்றத்தில், இது பொதுப்பணிக்காரர் சாலை.
பொதுப்பணியில், இது தோட்டத்துச் சாலை.
தோட்ட ஆபீசில், மேனேஜர் லீவு.
மறுபடி மாவட்ட மன்றம்.
குணசீலன் கயிற்றை மேசைமேல் போட்டார்.
அதிகாரி சிரித்தார்.
பிறகு ஒரு முடிச்சை விரலால் தொட்டு,
இங்கே என்ன, என்று கேட்டார்.

நடுவில் ஒருவர் வந்தார்,
பதாகை இலவசமாம்,
ஓரத்தில் அவர் படம் மட்டும் இருக்குமாம்.
வேண்டாம் என்று முடிவெடுக்க
இரண்டு மணி நேரம் ஆனது,
ஆறு பேர் போனார்கள்.
அவர்கள் பெயரை நான் அடிக்கவில்லை.

ஆகஸ்டில்
பிஸ்கட் டின்னில் நாற்பத்திரண்டு வெள்ளி குறைந்தது.
எடுத்தது நான்.
வீட்டில் கேஸ் தீர்ந்திருந்த வாரம்.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்,
என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் மட்டும் கோணல்.
தவமணி படித்தாள்,
திருப்பித் தர ஒரு தேதி போட்டாள்,
பக்கத்தைப் புரட்டினாள்.
அடுத்தது என்ன, என்றாள்.
எங்களுக்குச் சங்கப் பதிவு எண் கிடைத்தது
அடுத்த ஆண்டில்.
நான் கேட்டால், சங்கம் பிறந்தது
அந்தப் பக்கம் புரண்டபோது.

விளக்கு வர பதினான்கு மாதம்.
ஆறு கேட்டோம், இரண்டு வந்தது.
ஒன்று எரிகிறது,
இன்னொன்று யோசிக்கிறது.
முதல் இரவு பார்க்கப் போனோம்.
கம்பத்தடியில் நின்று
யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.
ஈசல் மொய்த்தது.
ஆ லெக் சைக்கிளில் வந்து,
கடைச் சாவி யாரிடம், என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்றுக் கூட்டம்: ஐந்து பேர். மழை.
பொருள் ஒன்று: யோசிக்கும் விளக்கு.
பொருள் இரண்டு: தாமானுக்குப் பின்னால்
வடிகாலில் தேங்கும் ஆலைக்கழிவு.
பொருள் மூன்று: தவமணிக்குப் பகல் ஷிஃப்ட் மாறுகிறது,
செவ்வாய்க்கிழமை இனி யார் திறப்பது.
மூன்றுக்கும் முடிவில்லை.
நாற்காலிகளைத் துடைத்து அடுக்கினோம்.

குணசீலன் வரவில்லை, குவாந்தானுக்கு லோடு.
கயிறு மட்டும் வந்திருந்தது,
ஆணியில், ஈரமாக.
கடைசி முடிச்சுக்கு அப்பால்
புதிதாய் இன்னொன்று.
யார் போட்டது, எந்த இடம்,
ஒருவருக்கும் தெரியவில்லை.

அதையும் எழுதிக்கொண்டேன்,
எதிரே ஒரு கேள்விக்குறி.