செவ்வாய்க்கிழமைக்கு வரைபடம் இல்லை

பதினாறு முட்டு கேட்டான் பினோய்.
பதினாறும் எண்ணிக் கொடுத்தேன்.
கையெழுத்து இருக்கிறது. நேரமும் இருக்கிறது:
ஞாயிறு, காலை ஐந்து நாற்பது.

முஹர்ரக்கில் நிலத்தடி நீர் உப்பு.
முப்பது வருடமாக அது
தூணுக்குள் புகுந்து கம்பியைத் தின்றிருக்கிறது,
அவசரமே இல்லாமல்.
தின்னத் தின்ன ஐந்து மாடியும் நின்றுகொண்டுதான் இருந்தது.
சரிசெய்ய நாங்கள் போனோம்.

ஆபீஸில் இரண்டு வரைபடம்.
ஒன்றில் பழைய தூண், துரு மட்டும் சிவப்பு மசியில்.
மற்றதில் புதுக் கம்பி, புது வளையம்,
பேரன் காலத்துக்கும் நிற்கும் தூண்.
இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை உண்டு:
தூண் தோலுரிந்து, இடுப்பு மெலிந்து,
தன் எடையை எங்கே இறக்கிவைப்பது என்று
கட்டடம் தேடுகிற நாள்.
அதை யாரும் வரையவில்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி:
ஒரு நேரத்தில் ஒரு தூண்.

கம்ப்ரசர் வாடகை வியாழன் வரைதான்.
அதனால் திங்கள் காலை இரண்டாவது தூணையும் உடைத்தார்கள்.
பதினாறை எட்டு எட்டாகப் பிரித்தார்கள்.
வகுக்கத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும்.

மேலே குடியிருந்தவர்களுக்கு வீடு சொல்லியிருக்கிறது.
இரண்டாம் மாடி நர்ஸ் மரிசெல்
வாசல் கதவு மூடவில்லை என்று புகார் கொடுத்தாள்.
வாட்ச்மேன் தச்சனை அனுப்பினான்.
தச்சன் கதவின் மேல்விளிம்பை இழைத்தான்.
கதவு மூடியது.
ராத்திரி மறுபடி மூடவில்லை.
காலையில் மறுபடி இழைத்தான்.

பத்தரைக்குத் தண்ணீர் லாரி வந்து
மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது,
எல்லாச் செவ்வாயும் போல.

ஜூலை மாதம்.
பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
எல்லோரும் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினார்கள்.
அய்யாறப்பனுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, மூக்கடைக்கும்.
டைல்ஸ் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
பேஸ்மென்டில் படுப்பான்,
இரண்டு தூணுக்கும் நடுவில். அங்கேதான் தரை குளிர்ச்சி.
பிரேக்கர் சத்தம் ஓய்ந்த நேரத்தில்
முட்டுகள் முனகுகின்றன அண்ணே என்று
அன்று காலை டீயில் என்னிடம் சொன்னான்.
இரும்பு வெயிலில் நீளும்டா என்றேன்.

பேஸ்மென்டில் ஏது வெயில்?
அவன் அதைக் கேட்கவில்லை.
நானும் பிறகுதான் கேட்டேன்.

ஒன்று இருபது.
முழுக் கட்டடம் இல்லை, ஒரு மூலைதான்.
செய்தியில் நான்கு வரி.
மரிசெல் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியவள்
வெறுங்காலோடு தப்பினாள்:
நிலை கோணியும், இரண்டு முறை இழைத்த கதவு
இறுகாமல் திறந்ததாம்.

விசாரணைக்காரர்கள் என் பதிவேட்டைக் கேட்டார்கள்.
கொடுத்தது பதினாறு. திரும்பியது பதினாறு.
'நிலை' என்ற கட்டத்தில்
நல்லது ஐந்து, வளைந்தது ஒன்பது, மடிந்தது இரண்டு.
கணக்குச் சரி என்று ஒருவர் பச்சை மசியில் எழுதினார்.

அடுத்த பக்கத்தை அவர்கள் புரட்டவில்லை.
ஹித் சைட்டுக்கு என்று ஒதுக்கிய இருபத்திரண்டு முட்டு,
புதன்கிழமை லாரிக்குக் காத்து
என் நாற்காலிக்குப் பின்னால்
எதையும் தாங்காமல்
சுவரில் சாய்ந்து நின்றன.
திங்கள் விடியலில் பினோய் வந்தான்.
இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றான்.
ஹித்துடையது என்றேன்.
அவன் வற்புறுத்தவில்லை.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அந்த மூலை இப்போது எழும்பிவிட்டது.
தூண்கள் இரண்டாவது வரைபடத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

இருபத்திரண்டும் மறுநாள் ஹித்துக்குப் போயின.
கையெழுத்து இருக்கிறது. நேரமும் இருக்கிறது:
புதன், காலை ஐந்து நாற்பது.