புள்ளி டப்பா

எக்ஸ்ரே கவர்களில் போட்டு வைத்திருக்கிறேன்
வெட்டிய பிறகு ஆள் வராத ஸ்டிக்கர்களை.
யாரோ ஒருவரின் நெஞ்சுக்கூடு இருந்த இடத்தில்
இப்போது ஒரு மயில், இரண்டு சிலுவை,
ஏழு 'கடவுள் துணை'.

சுருட்டினால் முனை தூக்கும்.
படுக்கப் போட்டால் கருங்கல் வெயிலில் பசை இளகி
மயில் சிலுவையோடு ஒட்டிக்கொள்ளும்.
அதனால் நிறுத்தி, நிறவாரியாக.
ஊதா மட்டும் எப்போதும் வேறெங்கோ கிடக்கும்.

புள்ளிகளுக்குத் தனி டப்பா.
வேண்டாத வினைலை உரிக்கையில்
கூடவே பிய்ந்து வரும் மெய்யெழுத்தின் தலைகள்.
எறியக் கை வரவில்லை.

நேற்று குளச்சலிலிருந்து சூசைமரியான் வந்தார்.
"வள்ளத்துல சமாதானம்னு ஒட்டித் தந்தியே,
கடைசி எழுத்துக்கு மேல உள்ளத கடல் எடுத்துட்டு.
அது ஒண்ணு போதும்."

டப்பாவைக் கவிழ்த்தேன்.
அதே அளவு, அதே நீலம்.
அவர் போனில் காட்டிய வள்ளத்திலோ
எழுத்தெல்லாம் வெளுத்துச்
சாம்பலாகிக் கிடந்தது.

"நெறம் சேராதே அண்ணே."
"நாலு மடை போயிட்டு வந்தா சேரும்."

ஒரு புள்ளிக்கு விலை போட்டதில்லை நான்.
பில் தாளில் மடித்துக் கொடுத்தேன்.
பிரித்துப் பார்த்தார்,
மூச்சு விடாமல் மறுபடி மடித்தார்.

மேசையில் கொட்டியவற்றை
விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுக்கிறேன்.
ஃபேனைப் போடவில்லை.