ஒன்பது நாற்பது

வாடகை ஆயிரத்து நூறு.
கரண்ட், தண்ணி, இன்ரநெற் எல்லாம் அடக்கம் என்றார்
குணரத்தினம் அண்ணை, சாவியைத் தரும்போது.
அடக்கம்தான்.
பேஸ்மென்றுக்கு வந்து சேரும்போது
அது பாதி புதைந்துதான் வருகிறது.

ஸ்காபறோ. நீல்சன் வீதிக்குப் பின்னால்
யன்னல் என்று சொல்லப்படும் கண்ணாடித் துண்டு,
அதற்கு வெளியே பனி,
பனிக்கு மேலே யாருடையவோ சப்பாத்துகள்.
கட்டிலில் ஒரு கோடு.
உலர்த்தும் மெஷினில் ஏறி உட்கார்ந்தால் மூன்று.
றவுட்டர் மேலே, சின்ன மகளின் அலுமாரிக்குள்
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.

கிழமையில் நாலு இரவு எனக்கு வகுப்பு,
கணக்கியல், இரண்டாம் நிலை.
வினிபெக்கிலிருந்து படிப்பிக்கும் மக்கின்ரயர்
வழுக்கை, நல்ல மனிசன்,
வரவையும் செலவையும் இரண்டு கையிலும் ஏந்தி
"ஆனால்" என்பார்.
அந்த இடத்தில் உறைந்துவிடுவார்,
வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி.
ஒன்பது நாற்பது.
இரண்டரை நிமிடம் கழித்து உயிர்த்தெழுந்து
"ஆகவே" என்பார்.
ஆனாலுக்கும் ஆகவேக்கும் நடுவில் போனதுதான்
பரீட்சையில் வரும்.

கொம்பனிக்கு அடித்தேன்.
நாற்பது நிமிடம் புல்லாங்குழல்.
கணக்கு யாருடைய பெயரில்?
குணரத்தினம்.
நீங்கள்தான் குணரத்தினமா?
இல்லை, நான் அவருக்குக் கீழே இருப்பவன்.
அவருடைய தாயார் கலியாணத்துக்கு முன் வைத்திருந்த குடும்பப் பெயர்?
எங்களுக்குள் அப்படி ஒன்று இல்லை,
முதலில் தகப்பன் பெயர், பிறகு புருஷன் பெயர் என்று
விளக்கத் தொடங்க
லைன் அறுந்தது.

வேலையிடத்தில் ரொடெல் சொன்னான்,
முந்தி கேபிள் பூட்டித் திரிந்த பிலிப்பினோப் பெடியன்:
மேலே ஆரோ அந்த நேரம் பார்த்து
மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்குகினம்.
அதுவும் உன்ர வைஃபையும் ஒரே அலையில ஓடுது.
பெயருக்குக் கடைசியில ஐந்து இருக்கும்,
அதைத் தொடு. முடிஞ்சுது.

அன்றிரவு காதைக் கூரைக்குக் கொடுத்தேன்.
கராஜ் கதவு.
கைப்பை வைக்கும் சத்தம்.
ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்,
ஒன்றுதான்.
வசந்தமலர் அக்கா,
விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை முடித்து
தன் சோற்றைச் சூடாக்கும் நேரம்.

ஐந்தைத் தொட்டேன்.
மக்கின்ரயர் உறையவில்லை.
ஆனால் என்றார்,
ஆனாலுக்குப் பிறகு உள்ளதையும் சொன்னார்.
பெரிதாக ஒன்றுமில்லை,
தேய்மானத்தைப் பற்றி.

எண்டாலும் ஒன்பது நாற்பதுக்கு
திரை வெடித்த என் பழைய போனை
ஐந்து இல்லாத பெயரில் கொழுவி
ஒரு வானொலியைப் போட்டு வைப்பேன்.
பாட்டு விக்கும், நிற்கும்.
சரி, அக்கா வந்திட்டா.
வகுப்புக்குத் திரும்புவேன்.
நாங்கள் நேரில் கதைத்தது மொத்தம் மூன்று தரம்,
மூன்றும் குப்பை வாளி பற்றி.

மாசி, இரண்டாம் கிழமை.
திங்கள் பாட்டு நிற்கவில்லை.
செவ்வாயும்.
புதன் ஒன்பது நாற்பது, நாற்பத்தைந்து, பத்து.
பாட்டு முழுதாய் முடிந்து
மரக்கறிக் கடை விளம்பரமும் முடிந்து
செய்தி வந்தது.
மேலே அண்ணையின் குதிக்கால் கேட்கிறது,
அங்குமிங்கும்.
நாற்காலி கேட்கவில்லை.

போய்க் கேட்க என்ன இருக்கிறது?
வாடகை கட்டியாச்சு.
வாசல் பனி வழிச்சாச்சு.
இன்ரநெற் இவ்வளவு நன்றாய்
இந்த வீட்டில் ஒருநாளும் வேலை செய்ததில்லை.

வியாழன் இரவு
பதினொரு படியும் ஏறி
அவர்கள் பக்கம் பூட்டுகிற கதவைத் தட்டினேன்.

ஆரது?

நான்தான் அண்ணை, கீழ.
இன்ரநெற் வருகுதில்லை.