மூன்றாம் வண்டி

கோயில் மணிக்கு முந்தி, பள்ளிவாசல் பாங்குக்கு முந்தி,
புளியந்தீவின் முதுகைப் பார்க்கிறவள் நான்.
அதன் முகம் எனக்குத் தெரியாது.
எந்த வீட்டுக்கு எந்த நிறக் கதவு என்று கேட்டால் முழிப்பேன்.
பின் ஒழுங்கையில், முழங்கால் உயரத்தில்,
தார் பூசிய பலகையைத் தூக்கி
வாளியை வெளியே இழுக்கிற துவாரம்:
அதுதான் எனக்கு வீடு என்பது.

சபைப் புத்தகத்தில் என் பேர் மூன்றாம் வண்டி.
மாடு செத்தபோது புது மாடு வந்தது, பேர் மாறவில்லை.
ஓபுளி என்று கூப்பிட அந்த ஊரில்
மாரப்பன் ஒருவன்தான் இருந்தான்.

வாளி பொய் சொல்லாது.
நெய்ச்சோறு தின்ற வீடு, பட்டினியை மறைக்கிற வீடு,
பூச்சி மருந்து குடித்த பிள்ளை,
புருஷன் கொழும்புக்குப் போன வீட்டில் இரண்டாள் பாரம்.
எல்லாவற்றையும் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய்
மணலில் குழிவெட்டி மூடிவிடுவேன்.
எவரிடமும் சொன்னதில்லை.
ஒரே ஒரு முறை சொன்னேன்.

மாரி ஓய்ந்து, வாவி கலங்கிக் கிடந்த தை மாசம்.
பிரக்கிராசியார் வீட்டு வாளியில்
அரிசி களைந்த தண்ணீர்.
அதைப் போய் இங்கே ஊற்றியிருப்பார்களோ என்று
ஒரு கணம் நம்பப் பார்த்தேன்.
மணம் வேறு. பச்சை மீன் மணம்.
கப்பலேறுமுன் தட்டப்பாறை முகாமில்
என் ஆத்தாளைக் கொண்டுபோன மணம்.

இன்ஸ்பெக்டர் பார்த்தலோத் துரை சைக்கிளில் வந்தார்.
பத்தடி தள்ளி நின்று சொன்னேன்:
ஐயா, பேதி வந்துவிட்டது.
எந்த வீடு என்றார். சொன்னேன்.
பென்சில் காகிதத்தில் முட்டியபடியே நின்றது.
பிரக்கிராசியார் சபை மெம்பர்.
"நீ என்ன டாக்டரா?" என்று கேட்டுவிட்டுக்
கைலேஞ்சியை மூக்குக்குக் கொண்டுபோனார்.

நாலாம் நாள் ஒழுங்கை முழுக்க வெள்ளைத் தண்ணீர்.
மறுகாதான் டாக்டர் வந்தார், மஞ்சள் கொடி வந்தது,
கிணறுகளுக்குக் கொண்டீஸ் போட்டார்கள்.
தண்ணீர் நாவற்பழம் பிழிந்த மாதிரி ஆகிவிட்டதென்று
பியோன் கதிராமத்தம்பி சொன்னான்.
நான் பார்க்கவில்லை.
பிரக்கிராசியார் வளவின் நல்ல கிணறு அது,
ஒழுங்கைக்கே தண்ணீர் கொடுத்த கிணறு,
என் நிழல் விழக் கூடாதென்று
சுற்றிவரக் கிடுகு கட்டிய கிணறு.
நாங்கள் குடித்தது வாவிக் கரையில் தோண்டிய உவர்ப் பூவல்,
வாயில் வைக்க விளங்காத தண்ணீர்.
எங்கள் லயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.
ஒழுங்கையில் பதினொரு பேர்.

அறிக்கையில் காரணம் எழுத வேண்டுமல்லவா.
தோட்டி லயத்தின் அசுத்தம் என்று எழுதி
ஒன்பது குடிசைக்கும் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள்.
பாய்க்கென்று ஒரு ரூபாய்.
மாரப்பன் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.
சருவச்சட்டி கிடைத்தது, கறுத்து, ஆனால் முழுசாக.
அன்றிரவு அதில்தான் கஞ்சி.

மறுநாள் விடியுமுன் வண்டி பூட்டினேன்.
மூன்று வீடுகளில் துவாரத்துக்கு ஆணி அடித்திருந்தது,
இனி அங்கே ஆளில்லை.
பிரக்கிராசியார் வீட்டில், பெரிய வாளிக்குப் பக்கத்தில்
பிள்ளையின் சின்னச் சட்டி.
அரிக்கன் லாம்பைத் தாழ்த்திப் பார்த்தேன்.
மஞ்சள். கெட்டி.
சின்னவள் பிழைத்துவிட்டாள்.

உள்ளே யாரோ இன்னும் அழுதுகொண்டிருந்தார்கள்.
வேப்பிலை புகைகிற வாசம்.
தட்டிச் சொல்ல எனக்கு அந்த வீட்டில் கதவு இல்லை.
மாட்டின் காதில் சொன்னேன்.
அது வாலை ஒருதரம் வீசிவிட்டு
அடுத்த வளவுக்குத் தானாக நடந்தது.