ஓட்டியவர் பெயர்

பட்டணங்காத்தான் முக்கில் எங்கள் ஷோரூம்.
டெமோ வண்டி வெள்ளை.
மூவாயிரத்து நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது,
அத்தனையும் அடுத்தவர் கால் அழுத்திய வேகம்.

கீழக்கரை சீனி நெய்னா
தம்மாமில் பதினாறு வருஷம் ஓட்டியவர்.
லைசென்ஸ் கேட்டேன், நீட்டினார்.
படத்தில் மீசை இருந்தது, ஆளிடம் இல்லை.
அதைச் சொல்லிச் சிரித்தோம்.
தேதியை நான் பார்க்கவில்லை.

படிவத்தின் பின்பக்கம்
எறும்புச் சாரை மாதிரி எழுத்து.
சேதம் நேர்ந்தால் யார், எதுவரை, எவ்வளவு என்று
எல்லாம் அதில்தான் இருக்கிறது.
நான் பேனா மூடியால் தொட்டுக் காட்டியது
கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்.

தேவிபட்டினம் ரோடு.
இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.
கண்ணாடி ஏற்றியிருந்ததால்
கடல் வெறும் வெளிச்சமாக வந்துகொண்டிருந்தது.
"பிக்கப் நல்லாருக்கும்மா" என்றார்.
மைலேஜ் சொல்ல வாயெடுத்தேன்.

வளைவில் அவர் கை
அந்த ஊர்ப் பக்கத்துக்குப் போனது.
அங்கே வலது. இங்கே இடது.
பதினாறு வருஷத்தை ஒரு கை மறக்க
எவ்வளவு நேரம் ஆகும்?
எங்களிடம் ஒரு நொடி இருந்தது.

மொபெட், பிளாஸ்டிக் கூடை, மனிதர்.
இந்த வரிசையில்தான் விழுந்தார்கள்.
நீலக்கால் நண்டுகள் தாரில் சிதறி
சுடச்சுடப் பக்கவாட்டில் நகர்ந்தன.
நான் இறங்கி ஓடி
அவர் தலையை மடியில் தாங்கினேன்.
மோர்ப்பண்ணை கருமலையான்.
கால் எலும்பு முறிந்திருந்தது.
"நண்டப் பாரும்மா" என்றார்,
"ஏழு கிலோ."

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி வராண்டாவில்
மேனேஜர் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்தார்.
"அந்தாளு லைசென்ஸ் செத்து நாலு மாசம்.
இன்சூரன்ஸ்காரன் இவருக்குக் குடுத்துட்டு
நம்ம கழுத்துல துண்டப் போட்டு வசூலிப்பான்.
வண்டி சேதத்துக்குக் கைய விரிச்சிருவான்.
உன் லைசென்ஸ் இருக்குல்ல?
நீ ஓட்டுனதாச் சொல்லு செல்வி.
ஒரே ஒரு வரி."

சீனி நெய்னா தரையைப் பார்த்தபடி நின்றார்.
இருபத்தேழாம் தேதி டிக்கெட்.
"ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நான் தாறேன்.
கேஸுன்னு மட்டும் வேணாம்."
கெட்டவர் இல்லை.
நண்டுக்கு எவ்வளவு என்று
முதலில் கேட்டவர் அவர்தான்.

எனக்குச் சம்பளம் பதினாலாயிரம்.
இன்னும் ஒரு வண்டி போனால் இன்சென்டிவ்.
ஒரு வரி என்பது சின்னதுதான்.
தேதியும் ஒரு வரிதான்.

ராத்திரி குளிக்கும்போது எரிந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்:
இடது தோளில் தொடங்கி
மார்பைக் கடந்து வலது இடுப்புக்கு
பெல்ட் இழுத்த கோடு,
நாவல்பழ நிறத்தில்.
ஓட்டுகிறவருக்கு வலது தோளில் விழும்.
நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று
என் உடம்பு
என்னைக் கேட்காமல் எழுதிவைத்திருந்தது.

மதுரையிலிருந்து சர்வேயர் வந்தார்.
உடைந்த விளக்கை மூன்று கோணத்தில் படமெடுத்தார்.
மேனேஜர் டீ வரவழைத்தார்.
"ஓட்டுனது யாரு?"
டீயில் ஆடை படியும் அளவுக்கு நேரம் போனது.
நான் துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கி
கழுத்தோரம் தெரிந்த கோட்டைக் காட்டினேன்.
"நான் இடது பக்கம் இருந்தேன் சார்.
லைசென்ஸ் தேதியப் பார்க்காததும் நாந்தான்.
ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

மேனேஜர் என் பெயரைச் சொல்லி
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
நாளைக்கு வரவேண்டுமா என்று
நானும் கேட்கவில்லை.

சர்வேயர் படிவத்தைத் திருப்பினார்.
மூன்றாம் நபரின் உடைமைச் சேதம்
என்ற இடம் காலியாக இருந்தது.
மொபெட் என்று எழுதி மூடியைப் போடப் போனார்.
"இன்னும் இருக்கு சார்" என்றேன்.
என்ன என்பது போலப் பார்த்தார்.

நண்டு.
ஏழு கிலோ.
உயிரோடு.