மூன்று பேர் ஒருவரான வாரம்

கிளைப்பெடாவில் நவம்பர் நான்கரைக்கே இருட்டிவிடும்.
எங்கள் கம்பெனி விறகடுப்பு விற்கிறது.
இரும்பு உடல், முன்னால் கண்ணாடிக் கதவு.
அடுப்புக்கு ஒரு தளம்,
புகைக்குழாய்க்கு ஒரு தளம்,
பணம் கட்ட இன்னொன்று.
மூன்றுக்கும் மூன்று முகவரி.
ஏன் என்று கேட்காதீர்கள்.
முதலாளி ரிம்கவுதாஸுக்கும் இரண்டு மச்சான்களுக்கும்
ஒரு காலத்தில் பேச்சுவார்த்தை கிடையாது.

வருகிறவர்களை எண்ணுவது என் வேலை.
ஒப்புதல் பெட்டியில் 'சரி' அழுத்தியவர்களை மட்டும்;
மறுத்தவர்கள் எனக்குக் காற்று.
காலெடுத்து வைத்ததும் குக்கீயில் ஓர் எண் எழுதித் தருவேன்.
குழாய் பார்க்க அடுத்த தளம் போவார்.
கூடு விட்டுக் கூடு பாய்ந்ததும்
எண் பழைய கூட்டிலேயே கிடக்கும்.
அங்கே அவர் புது ஆள்.
பணப் பக்கத்தில் இன்னொரு புது ஆள்.
இவர் எங்கிருந்து வந்தார்?
உங்களிடமிருந்துதான் என்கிறது அறிக்கை.
சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தவனை
"வாங்க, எந்த ஊர்?" என்று கேட்கிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை மூன்றையும் தைத்தேன்.
இணைப்பின் வாலில் எண்ணைக் கட்டிவிட்டால்
அதுவும் கூடவே போகும்.
நாற்பது நிமிட வேலை.
இத்தனை நாள் செய்யாததற்கு வெட்கம்தான்.

மறுவாரம் ரிம்கவுதாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மூவாயிரத்து நூறு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.
இப்போது ஆயிரத்துச் சொச்சம்.
இரண்டாயிரம் பேரை என்ன செய்தாய்?"
"அவர்கள் இருந்ததே இல்லை" என்றேன்.
ஏதோ கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டது போல
ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தார்.
ஸ்கைஸ்தே மட்டும் சிரித்தாள்.
விற்ற அடுப்பு அதே பதினேழுதான் என்பது
யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ஆயிரத்துச் சொச்சத்தில்தான் அவர் இருந்தார்.
தைக்காமல் விட்டிருந்தால் மூன்று சாதாரண ஆட்கள்:
இருப்பதில் சின்ன அடுப்பைப் பார்த்த ஒருவர்,
குழாய் விலை பார்த்த ஒருவர்,
பெயர் எழுதாமலே பணப் பக்கத்தை மூடிய ஒருவர்.
யாருக்காகவும் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒருவரானதும் இரவு தெரிந்தது.
பின்னிரவு இரண்டே முக்கால் மணி வாக்கில்.
அறையின் அளவு சொன்னால்
எந்த அடுப்பு போதும் என்று சொல்லும்
கணக்குப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம்.
வியாழன் அறுபத்து நான்கு சதுர மீட்டர்.
வெள்ளி நாற்பது.
ஞாயிறு இருபத்திரண்டு.
திங்கள் பதினொன்று.

வீடு சுருங்காது.
கதவுகள்தான் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

"துரத்து" என்றார் ரிம்கவுதாஸ்.
"போகிற பக்கமெல்லாம் நம் அடுப்பே எரியட்டும்."
இந்தத் தொழிலில் வாங்கியவரை 'மாறியவர்' என்போம்,
ஏதோ மதம் மாறியது போல.
பன்னிரண்டாம் நாளும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு
எங்களிடம் சொல் இல்லை.

விளம்பரம் போடவில்லை.
சின்ன அடுப்புக்குத் தள்ளுபடி போட்டேன்,
அவருக்கு மட்டும் காட்ட வழி இருந்தும்
எல்லோருக்கும்.
ஒருவருக்கு மட்டும் காட்டினால்
பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

புதன் இல்லை. வியாழன் இல்லை.
வெள்ளியும் அந்த எண் வரவில்லை.
குக்கீயைத் துடைத்திருக்கலாம்.
வேறு போன் வாங்கியிருக்கலாம்.
வேறு எதுவும் இருக்கலாம்.

சனி இரவு வெளியே மைனஸ் எட்டு.
தூக்கம் வராமல் அறிக்கையைத் திறந்துவைத்திருந்தேன்.
இரண்டு நாற்பத்தேழு.
புதிய வருகையாளர்: ஒன்று.
அறை: ஒன்பது.
முதல் தளம்.
இரண்டாவது.
மூன்றாவதில், பெயர்க் கட்டத்தைத் தொட்டதாக ஒரு வரி.

அடுத்த வரி வர அரை நிமிடம் ஆகும்.
என் அறையில் ரேடியேட்டர்
டொக் டொக்கென்று சூடேறிக்கொண்டிருந்தது.