ஏழாவது கடைக்கு ஆட்சேபம்

தோட்டத்தில் ஒரே கடைதான்.
அதுவும் சம்பள நாளில்தான் நிறையும்.
தோட்டத்தை விற்று எங்களை ஃபிளாட்டில் ஏற்றிய பிறகு
பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியிலேயே ஆறு.
அதில் மூன்றாவது, நான் கல்லாவில் நிற்பது.

மைலோ, மத்தி டின், கொசுவத்தி,
கை எட்டும் உயரத்தில் தட்டைப் போத்தல் சம்சு.
நாலு வெள்ளி.
சில்லறை இல்லாவிட்டால் மிட்டாய் கொடுப்போம்.
போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு
ஆரஞ்சு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கியபடி
வளர்ந்த ஆம்பிளைகள் படியிறங்குவதை
தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் முனிசிபலின் மஞ்சள் காகிதம்.
சீ புளோக்குக்கு நேர் எதிரே,
பாலர் பள்ளிச் சுவரை ஒட்டிய பூட்டிய கடைக்கதவில்.
மதுபான லைசென்ஸ். ஆட்சேபம் இருந்தால்
பதினான்கு நாளுக்குள்.
எழுத்து அவ்வளவு சிறிசு,
எறும்பு நின்று படித்துவிட்டுப் போகலாம்.

கிளினிக்கில் மிஸி நோர்லைலா
ஒரு வரைபடம் வைத்திருந்தாள்.
கடைக்குச் சிவப்புப் புள்ளி,
வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி
வந்தவர்களின் வீட்டுக்கு நீலம்.
“அக்கா, நீங்க சைன் வாங்குவீங்களா?”
அவள் தமிழ் இந்த வரிசையில் நின்றவர்களிடம் கற்றது.
வாங்குகிறேன் என்றேன்.
மூன்றாவது கடைக் கல்லாக்காரி
ஏழாவது கடைக்கு எதிராக.
இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது.

முதல் கையெழுத்து என் தவுக்கே.
பேனாவை அழுத்தி, பேரைப் பெரிசாக.
“வியாபாரம் கெட்டுப்போகும், ஜனங்க கெட்டுப்போகும்”
என்றார், அதே வரிசையில்.

கோவில் தலைவர் கண்ணாடியைத் தேடினார்.
கண்ணாடி நெற்றியில் இருந்தது.
அந்தக் கட்டடம் அவர் மச்சினனுடையது என்று
நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.
ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

நாலாம் மாடி யசோதை
அடையாள அட்டை எண்ணைப் பார்க்காமலே எழுதினாள்.
போலீஸ் ஸ்டேஷனில் அத்தனை தடவை எழுதிய எண்.
“அவருக்குத் தெரிய வேணாம்” என்றாள்,
மெதுவாகக் கதவைச் சாத்தும்போது.

சௌரிமுத்துவிடம் நான் கேட்கவே இல்லை.
அவராகப் படிக்கட்டில் காத்திருந்தார்.
செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர்,
இப்போது எந்த ஷிப்டும் இல்லை.
நடுக்கம் நிற்க
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க கடை, எங்க வாசல்லேர்ந்து
முன்னூத்திப் பத்து தப்படி.
எண்ணியிருக்கேன்மா.
வாய்க்கா பாலத்துல ஒரு தடவ நிக்கலாம்.
முடிவெட்டுற கடையில ஒரு தடவ.
வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளு
பாலத்துலேர்ந்தே திரும்பிடுவேன்.
இது நாப்பது தப்படி.
நாப்பதுல திரும்புறதுக்கு எடம் எங்க இருக்கு?”

கையெழுத்து கோட்டைத் தாண்டி
அடுத்தவர் கட்டத்திலும் விழுந்தது.
அடுத்தவரைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன்.

நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கவுண்டரில் முத்திரை குத்தினார்கள்.
பரிசீலனையில் இருக்கிறதென்று மலாயில் ஒரு கடிதம் வந்தது,
அப்புறம் ஒன்றும் வரவில்லை.
பூட்டிய கடைக்குள்ளிருந்து
டைல்ஸ் அறுக்கிற சத்தம் மட்டும் வருகிறது.

நேற்று ஏழரைக்கு சௌரிமுத்து வந்தார்.
முன்னூற்றுப் பத்தையும் நடந்து.
நாலு வெள்ளி, எல்லாம் இருபது காசுகள்.
எண்ணி வாங்கி பில் போட்டேன்.
என் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.

இன்று தட்டைப் போத்தல்களை மேல் தட்டில் ஏற்றினேன்.
ஸ்டூல் வேண்டும், என்னைக் கேட்க வேண்டும்.
தவுக்கே பார்த்துவிட்டு ஏன் என்றார்.
கீழே தூசு என்றேன்.

மணி எட்டாகிறது.
பாலத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.
எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று
இந்த இருட்டில் தெரியவில்லை.